வெள்ளிக்கிழமை ஒட்டிய சிவப்புப் பொட்டு

ஐயா வீட்டைக் காலி செய்த அந்த வெள்ளிக்கிழமை அங்கே இருந்தவர்கள் ஐயா, அவருடைய வீட்டம்மா, பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர்கள் மகன், என் அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, ஒரு மாட்டுத் தரகர், அரையாண்டு விடுமுறையில் இருந்த நான். கூடவே எங்கள் மாடும் இருந்தது. இல்லாதவர் என் நைனா. சாலவாக்கம் பக்கம் கதிரடிக்கப் போகிறேன் என்று விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அந்த வாரம் எங்கள் ஊரிலேயே கதிரடிப்பு இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் மாடு என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு இருந்த சிக்கலே அதுதான். உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில் நிலமில்லாதவர்கள் மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்ப்பது வழக்கம். கன்று ஐயாவைப் போன்ற பெரிய வீட்டுக்காரருடையது, புல்லும் தண்ணீரும் உழைப்பும் வளர்ப்பவருடையது. முதலில் ஈனும் கன்று சொந்தக்காரருக்கு, அடுத்தது வளர்ப்பவருக்கு, பிறகு மாற்றி மாற்றி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். முதல் கன்று பால் மறந்ததும் நைனாவே அதை ஓட்டிப்போய் ஐயா வீட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டு வந்தார். இப்போது வயிற்றில் இருந்தது இரண்டாவது. அது எங்கள் பங்கு.

அந்தக் கன்று பிறப்பதற்கு முன்பே அம்மா அதன் வாழ்க்கையைத் திட்டமிட்டு முடித்திருந்தாள். தாய் கறக்கும் பாலில் நான் உத்திரமேரூர் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்வேன். கன்று வளர்ந்து கறக்கும்போது பத்தாவது முடிப்பேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் கிடையாது. ஆகவே பத்தாவதுக்கு மேல் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாடு மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் அசை போட்டுக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் ஐயா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். முறிந்த இடுப்பு கூடிவிட்டது, ஞாபகம்தான் முன்னே பின்னே ஆகிவிட்டது. அதிலிருந்து மகன் தினமும் போன் செய்து, கடைசியில் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வயதானவர்களுக்கென்றே கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிவிட்டார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை. குளியலறையில் ஒரு கயிறு தொங்கும், இழுத்தால் ஆள் ஓடி வருவார். சமைக்க வேண்டாம், கீழே போனால் சாப்பாடு தயாராக இருக்கும். ஏழு அறை வீட்டிலிருந்து இரண்டு அறைக்குப் போக வேண்டும் என்பதால் மகன் பெங்களூரிலிருந்து மூன்று நிறத்தில் வட்டமான ஸ்டிக்கர்கள் வாங்கி வந்திருந்தார். பச்சை ஒட்டினால் கூட வரும். மஞ்சள் ஒட்டினால் விற்பனைக்கு. சிவப்பு ஒட்டினால் யாருக்காவது சும்மா கொடுத்துவிடலாம். பச்சையும் மஞ்சளும் மகனிடம் இருந்தன. யாருக்கு எதைக் கொடுப்பது என்று வீட்டம்மாவுக்குத்தான் தெரியும் என்பதால் சிவப்புத் தாளை மட்டும் அவர் தன் இடுப்பில் செருகியிருந்தார்.

அந்த வீட்டுப் பாத்திரங்களைப் பதினைந்து வருடமாகத் தேய்த்தவள் என் அம்மா. பரணிலிருந்து பித்தளை அண்டாவை மாமா இறக்கியதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதப் போயி விக்கிறீங்களேம்மா. சின்னய்யா காதுகுத்துக்கு இதுலதான ஆக்குனது."

"ஆக்குனவ நானு, தேச்சவ நீ" என்றார் வீட்டம்மா. "நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிக்கித்தான் விடுதலை. அழுவாத, எடுத்துப் போடு."

ஊரை விட்டுப் போகிறவர்கள் அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவரோ உரலைப் பார்த்து "தொல்லை விட்டுது" என்றார். ஊறுகாய் ஜாடிகளை வரிசையாக நிறுத்தி, சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று ஒட்டிக்கொண்டே போனார். அந்த வீட்டைப் பெருக்கியே முதுகு போனது என்றும், புது வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாலு மூலையையும் பெருக்கிவிடலாம் என்றும் சொன்னார். மகன்தான் ஒவ்வொரு பொருளையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஐயா சாய்வு நாற்காலியில் இருந்தார். காபி குடிக்க அவர் எழுந்தபோது நாற்காலியில் ஒட்டியிருந்த மஞ்சள் வட்டம் அவர் வேட்டியின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது.

வீட்டம்மா பார்த்துவிட்டார். "அப்பாவ எவ்ளோவுக்குடா பேசி முடிச்சே?" என்று மகனிடம் கேட்டார். ஐயாவே முதலில் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. குனிந்து அதை மெதுவாகப் பிய்த்தெடுத்தார்.

மாட்டை வாசலில் வேப்பமரத்தில் கட்டியிருந்தோம். விற்க வேண்டும் என்று மகன் சொல்லித்தான் ஓட்டி வந்தோம். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சின்னய்யா, மாடு உங்களுது, இல்லன்னு சொல்லல. வயித்துல கீற கன்னு எங்க பங்கு."

அவர் கெட்டவர் இல்லை. "எழுதி ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று பொறுமையாகத்தான் கேட்டார். "எனக்கு எதுவும் தெரியலையே. நீங்க பட்ட கஷ்டத்துக்குப் பார்த்துச் செய்யறேன்." பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"வாரம்" என்றார் ஐயா. "ஆமா, வாரத்துக்குத்தான் விட்டேன். யாருக்கு விட்டேன்? முனியனுக்கா?"

முனியன் என்பவர் நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். அம்மா பாத்திரம் கட்டப் போய்விட்டாள். அவள் கட்டிய சணல் முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து போனதைப் பார்த்தேன். பெரிய பள்ளிக்கூடம் கிடைக்காது என்பதைவிட, அந்த மாட்டை வேறு யாரோ ஓட்டிப் போவார்கள் என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது.

தரகர் வந்து, மகனோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நானும் மாமாவும்தான். மாமா பையிலிருந்த வெல்லத்தை மாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா அவருக்குக் காபி கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா செனை மாட்ட வெறும் நெத்தியோடவா இட்டாந்தே?" என்று கேட்டார். மாமா தலையைச் சொறிந்தார். "சரி, இத வெச்சிரு. கோணியில ஒட்டணும்" என்று இடுப்பிலிருந்த சிவப்புத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மாமா காபியைக் குடித்தார். தாளைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு ஒரு சிவப்பு வட்டத்தைப் பிய்த்து, வெல்லப் பிசுக்கு ஒட்டிய விரலால் மாட்டின் நெற்றியில் அழுத்தினார். கறுப்பு மாடு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே அது அச்சு அசலாகக் குங்குமம் போலவே இருந்தது. இரண்டு ஈக்கள் உடனே வந்து உட்கார்ந்தன.

"வாயத் தொறந்த, பல்லு கீது பாரு, கொட்டிரும்" என்று என்னிடம் சொன்னார்.

தரகர் மாட்டைச் சுற்றிப் பார்த்தார், மடியைத் தொட்டார், பிறகு துண்டைக் கைமேல் போட்டு மகனிடம் நீட்டினார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பிடிக்கிற விரலின் எண்ணிக்கைதான் விலை. மகனுக்கு அது தெரியாது. துண்டோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், இன்னா சார் அஞ்சு விரலையும் புடிச்சிட்டீங்க" என்று தரகர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் மகன் மாட்டின் நெற்றியைப் பார்த்தார்.

"இதை யார் ஒட்டினது?"

"பொட்டு சார்" என்றார் மாமா.

"இது பொட்டு இல்ல. நான் வாங்கிட்டு வந்தது."

"நெத்தியில செவப்பா வட்டமா இருந்தா பொட்டுதான சார்."

மகன் அதை உரிக்கக் கையைக் கொண்டுபோனார். "கைய எடுடா" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. வீட்டம்மா உரக்கப் பேசவில்லை. "வெள்ளிக்கெழம. செனையா நிக்கிது. அது நெத்தியில இருக்கற பொட்ட அழிச்சிட்டு, நாங்க குடிபோற எடத்துல வெளக்கு ஏத்தவா?"

"அம்மா, அது வெறும் ஸ்டிக்கர்."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நம்மளால ஆவாது சார். வழியில அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா என் தலையிலதான் வந்து விடியும். வேற மாடு எதனா கீதா?"

மகன் அப்பாவைப் பார்த்தார். "உங்கம்மா சொல்றாளே" என்றார் ஐயா. பிறகு மகனின் தோள் தளர்ந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

"சிவப்புன்னா சும்மா கொடுக்கிறது. யாருக்குன்னு நீயே சொல்லு."

"யாரு வூட்டுக் கொட்டாயில கட்டிக் கெடந்துதோ அவங்களுக்கு. செனையோட."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

ஆனால் மாட்டைச் சும்மா கொடுத்தால் வாங்கிய வீட்டில் அது நிலைக்காது என்பார்கள். ஒன்றேகால் ரூபாயாவது கைமாற வேண்டும். அம்மாவின் முந்தானை முடிச்சில் ஒரு ரூபாய் இருந்தது. நாலணாக் காசை அப்போதெல்லாம் கடையில்கூட யாரும் வாங்குவதில்லை. எட்டணா தருகிறேன் என்று மாமா சொன்னதற்கு, கணக்கு கணக்காக இருக்க வேண்டும் என்றார் வீட்டம்மா. கடைசியில் தரகர்தான் இடுப்புப் பையைத் துழாவி ஒரு நாலணாவைத் தேடி எடுத்தார்.

"கமிஷனும் போச்சி, நாலணாவும் போச்சி. நல்ல நேரம் பாத்துதான் வந்துகீறேன்" என்று அதை அம்மா கையில் போட்டார். அம்மா அதை ரூபாயோடு சேர்த்து வெற்றிலையில் வைத்து வீட்டம்மாவிடம் கொடுத்தாள்.

இருட்டும் நேரத்தில் நைனா வீடு திரும்பினார். கொட்டகைப் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்து, "எவ்ளோவுக்குப் போச்சி?" என்றார்.

"ஒண்ணேகா ரூபா" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மாடு குரல் கொடுத்தது. நைனா எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். கதிரடித்த தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தந்திரத்தை மாமா பல வருடம் எல்லாக் கல்யாணங்களிலும் சொன்னார். நானும் அதை அவருடையதாகவே நம்பினேன். சிவப்புத் தாள் யார் கையிலிருந்து வந்தது என்பதை நேரில் பார்த்தவன் நான்தான், ஆனால் பார்த்தது மனசில் ஏறவில்லை. வீட்டம்மா நினைத்திருந்தால் 'அது அவங்க பங்குடா' என்று நேராகவே சொல்லியிருக்கலாம். மகனும் அதற்கு ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் தரகர் முன்னால் மகன் தோற்றிருப்பார், ஞாபகம் தவறிய ஐயா சாட்சி சொல்ல வேண்டியிருந்திருக்கும், என் அம்மா இன்னொரு தடவை கெஞ்ச வேண்டியிருந்திருக்கும். பொட்டு என்று சொன்னதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. இதெல்லாம் பட்டணத்துக் கல்லூரி விடுதியில் ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் அந்த மாடு இன்னும் மூன்று ஈற்று ஈன்றிருந்தது. அதன் பாலில்தான் நான் பத்தாவதைத் தாண்டி, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிட்டேன்.

ஆன செலவு மொத்தம் ஒன்றேகால் ரூபாய். அதிலும் நாலணா தரகருடையது.