சீட்டுக்குக் கீழே தேசிக்காய்: அண்ணையின் முதல் ஆட்டோகிராஸ்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அண்ணை கோபித்தாலும் ஒன்றையும் விடமாட்டேன். கடந்த ஞாயிறு அவர் முதன்முதலாக ஆட்டோகிராஸ் ஓடினார். வெறும் வாகனத் தரிப்பிடத்தில் செம்மஞ்சள் கூம்புகளை வைத்து, இடையே ஒவ்வொரு காராக நேரத்தை அளந்து ஓடவிடும் போட்டி அது. நான் கூடப் போய், உள்ளதை உள்ளபடி வந்து சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அம்மா விட்டார். இனிமேலும் விடுவதா என்பது என் சொல்லில்தான் இருந்தது.

காலை ஏழரைக்கு நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். போட்டி இடம் புவாண்ட்-கிளேரைத் தாண்டி; போக இருபத்தைந்து நிமிடம். புறப்படுமுன், அண்ணை சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா சாரதி இருக்கைக்கு அடியில் ஒரு தேசிக்காயை வைத்தார்.

"கண்ணூறு படாது. அவனிட்டச் சொல்லிப்போடாதை, எடுத்தெறிஞ்சு போடுவான்."

தலையாட்டினேன்.

அங்கே பாதுகாப்பு அதிகாரி காயத்ரி அக்கா. சென்னையிலிருந்து வந்து இங்கே ஐடி வேலை செய்பவர். போட்டியை நடத்தும் கழகத்தின் தலைவரே அவரைக் கேட்டுத்தான் ஓடுபாதையைக் கடந்தார். கால்மிதி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் காரிலிருந்து இறக்கச் சொன்னார். எதுவும் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய்விடக் கூடாதாம்.

"உள்ள வேற ஏதாவது லூஸா இருக்கா?"

"லூசு ஒண்டுதான் இருந்தது அக்கா, என்ர தங்கச்சி. அவவையும் இறக்கியாச்சு."

அக்கா சிரித்துவிட்டு அடுத்த காருக்குப் போனார். சொன்னால் அம்மாவுக்கு என்ன பதில்? சொல்லாவிட்டால்?

பார்ப்பவர்களுக்காகக் கட்டிய நாடாவுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் ஓடிய கார் வளைவில் பயங்கரமாக வழுக்கியது. அண்ணை தொடக்கக் கோட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, நிப்பாட்டுங்கோ! சீட்டுக்குக் கீழ தேசிக்காய் கிடக்கு!"

முதலில் அக்காவின் சிவப்புக் கொடி உயர்ந்தது. பிறகுதான் கேட்டார்: "என்ன காய்?"

"எலுமிச்சம்பழம்!"

தலைவர் ஓடிவந்து, மழை வரப்போகிறது, ஒரு பழம்தானே, விடுங்கள் என்று பிரெஞ்சில் கெஞ்சினார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நோன்" என்றார், அவ்வளவுதான். குனிந்து தேடினார். இருக்கைக்கு அடியில் இல்லை. பிரேக் மிதியை ஒட்டிக் கிடந்தது.

"இந்த ரவுண்ட் உனக்குக் கிடையாது. மறுபடி முழுசா செக் பண்ணிட்டு, மதியம் ஓடு."

"எனக்குத் தெரியாதக்கா…"

"தெரியாதுங்கறதுதான்பா பயமே."

அண்ணை காரைப் பின்னுக்கு எடுத்தார். மதியம் மூன்று முறை ஓடி, ஒரேயொரு கூம்பைத் தட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: பார்க்கக் கட்டணமில்லை. ஓடுவதற்கு, பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். பக்கத்தில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடை இல்லை, சாப்பாடு கொண்டுபோங்கள். காருக்குள் யார் எதை வைத்தார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். கொடி உயர்ந்தால் நில்லுங்கள். காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

வீடு வந்ததும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், பிரேக் மிதி உட்பட. அம்மா அடுப்பை நிறுத்திவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். அண்ணை வாசலில் நின்றார்.

"நான்தானே வைச்சனான்," என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "கொடி பிடிச்ச அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் அங்க நிப்பாவோ?"

"ஓம் அம்மா. அவ இல்லாட்டித் தொடங்கவே மாட்டினம்."

"அப்ப அவன் போகட்டும்."

எழுந்து போய்க் குசினி விளக்கை அணைத்தார்.