பப்ஸ் வெந்த அடுப்பு

தண்டையார்பேட்டை டெரிக்கிடம் போய், "பார்க்க நல்லாத்தான கீது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக்கூடாது. துறைமுகத்தில் கப்பல் பழுது பார்த்த காலத்தில், ஓர் அலுமினிய ஏணிக்கு அவர் வைத்த வெல்டிங்கைப் பார்த்து சூப்பர்வைசர் அருளிய வாக்கு அது. மூன்றாம் நாள் ஏணி, அதில் ஏறிய சக தொழிலாளி கோதண்டத்தோடு சேர்ந்து மடங்கியது. கோதண்டம் பிழைத்தார், அவரது இடது கால் இன்றுவரை மழை வருவதை முன்கூட்டியே அறிவிக்கிறது. டெரிக் அந்த வேலையை விட்டுவிட்டு, உடைந்த அலுமினிய சைக்கிள் ஃபிரேம்களை ஒட்டிக் கொடுக்கும் கடை போட்டார்.

இரும்பு சூடானால் சிவந்தாவது காட்டும். அலுமினியம், ஓட்டு எண்ணும்வரை வாய் திறக்காத நம் வாக்காளர் ஜாதி; உருகி ஒழுகும்வரை ஒன்றும் சொல்லாது. வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றிப் பலம் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர, முழு ஃபிரேமையும் ஐந்நூற்று முப்பது டிகிரியில் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, கோணலை நிமிர்த்தி, பிறகு நூற்று எழுபத்தைந்து டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். முதல் சூட்டுக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலை உலை, வெள்ளியும் திங்களும் மட்டும். இரண்டாவதற்கு, எதிர்சாரியில் சுகிர்தம் நடத்தும் பேக்கரியின் சின்ன கரண்ட் அடுப்பு.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, சைக்கிள் பந்தயம் ஓட்டும் ரேச்சல் என்ற பெண்ணின் ஃபிரேம் அடுப்பில் ஏறியது. மறுநாள் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம். வருஷத்துக்கு ஒரே ஒரு வாய்ப்பு. கூடவே அதே உலோகத்தில் ஒரு முழத் துண்டுக் குழாயும் உள்ளே போனது. உலையிலும் அது ஃபிரேமோடுதான் வெந்தது. கடைசியில் அதை மடக்கிப் பார்த்துத்தான் டெரிக் ஃபிரேமைக் கொடுப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் சாட்சி.

பதினொன்றரை மணிக்கு டீயோடு முட்டை பப்ஸ் ஒன்றைக் கடித்தார். நாக்கு வெந்தது. சந்தோஷமாக ஊதிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று உறைத்தது: பேக்கரியின் பெரிய அடுப்புதான் இரண்டு நாளாகப் பழுதாயிற்றே!

"சுகிர்தம்! இந்த பப்ஸ எதுல வேக வெச்சே?"

"ஒங்க சாமான் இருக்க அடுப்புலதான் அண்ணாச்சி. ரெண்டு மணி நேரமா போட்டுட்டு இருக்கேன். நூத்தி எழுவத்தஞ்சுல மாவு எழும்புமா? இருநூத்தம்பது வச்சேன். சூடு கூடுனா ஒங்களுதும் சீக்கிரம் வெந்துரும்லா?"

"அது இன்னா பிரியாணியாமா!"

கதவைத் திறந்தார். ஃபிரேம் பளபளத்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான வேலை அவர் கையிலிருந்து வந்ததில்லை. அடுப்பை அணைத்து, ஃபிரேமையும் சாட்சியையும் கடைக்குத் தூக்கி வந்தார்.

இரண்டு மணிக்கு வரவேண்டிய ரேச்சல் பன்னிரண்டுக்கே இரண்டு சக்கரங்களோடு வந்து நின்றாள். டெரிக் சாட்சியை மேஜையிலிருந்த வைஸ் இடுக்கியில் கடிக்க வைத்து, நெம்புவதற்கு அதன் முனையில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகினார். நல்ல துண்டு என்றால் அந்த இரும்புக் குழாயில் தொங்கித்தான் மடக்க வேண்டும். இது ஒரு கை அழுத்தத்துக்கே வளைந்து கொடுத்தது.

"முடியாது பாப்பா. ஜாஸ்தி சூடு வாங்கி தளந்து போச்சு. திங்கக்கிழமை திரும்ப உலைல போட்டாத்தான் உண்டு."

"நாளைக்கு ரேஸுணா! நான் நாப்பத்தெட்டு கிலோதான், தாங்கும்."

"கோதண்டம் அம்பது கிலோதான் கீறான்."

"என் சைக்கிள், என் பல்லு. குடு!" ஃபிரேமைப் பிடுங்கித் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "பாக்க நல்லாத்தான கீது?"

டெரிக் ஃபிரேமை வாங்கி வைஸில் மாட்டி, இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்து, தான் வைத்த வெல்டிங்கின் மேலேயே இழுக்க ஆரம்பித்தார். ரேச்சல் முதுகில் குத்தினாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள். "லூசாணா நீ!" குழாய் இரண்டாகும்வரை பிளேடு நிற்கவில்லை. எதிர்சாரியில் சுகிர்தம், கையில் பப்ஸ் தட்டோடு, உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் அவளில்லாமல் நடந்தது.

திங்கள் காலை, திரும்ப ஒட்டிய ஃபிரேமும் புது சாட்சியும் எண்ணூருக்கு ஆட்டோவில் ஏறும்போது ரேச்சல் வந்தாள். டெரிக்கின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஒரு பூட்டை, சாவியோடு, ஆட்டோ சீட்டில் வைத்தாள்.

"இன்னாது இது?"

"அடுப்புக்கு," என்று சொல்லிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தாள்.