பெருநாள் சாணத்தில் தழைத்த மல்பெரி

மாவடிப்பள்ளி வயல்வரம்பில் நின்றபோதுதான் செய்தி வந்தது: உதுமாலெவ்வைக் காக்கா மௌத்து. சைக்கிளை மிதித்துக் கல்முனைக்கு வந்தபோது ஜனாஸாவைத் தூக்கிவிட்டிருந்தார்கள். கபுறில் மூன்று பிடி மண் போட்டேன். வெறும் கடல் மணல், விரலிடுக்கால் ஒழுகிற்று. அந்த மணலில்தான், ஊரே அண்ணனாய்க் 'காக்கா' என்று அழைத்த அந்த மனுஷன் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை விளைவித்தார்.

விவசாயப் போதனாசிரியன் என்ற முறையில் முதல் இரசாயனப் பசளை மூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அடுத்த முறை போனபோது அதைக் கிணற்றடியில் போட்டு, மேலே குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொல்லாத கோபம். அவர் எழும்பவே இல்லை.

"மணல்ல இதப் போட்டா ஒரு மழையோட கரைஞ்சி போயிரும், தம்பி. மழைத்தண்ணியப் புடிச்சி வெக்க மண்ணுக்குள்ள ஒண்டு கிடக்கணும். அது இந்த மூடைக்குள்ள இல்ல."

அந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று சாய்ந்தமருதிலிருந்து நற்பிட்டிமுனை வரை மாட்டுவண்டியோடு திரிந்தார். எல்லோரும் குர்பான் இறைச்சிக்குப் போக, இவரோ அறுபட்ட மாடுகளின் வயிற்றுச் சாணத்தைக் கேட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். மல்பெரி வரிசைகளுக்கிடையே குழி வெட்டி, சாணமும் கிளிசிரிடியாத் தழையும் மாறி மாறிப் போட்டு மூடினார். மூன்று மாதம் உக்கவிட்டார். 'சொல் கேளாதவர், தோட்டம் உருப்படாது' என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன். அதை ஒளிக்க மாட்டேன்.

மாரி வந்தது. என் மூடையை நம்பிய பக்கத்துத் தோட்டங்கள் இரண்டும் மஞ்சளாய்ப் போயின. காக்காவின் இலை மட்டும் உள்ளங்கை அகலத்தில் கரும்பச்சையாய்க் கிடந்தது. அவர் மனைவி ஆசியா உம்மா வளர்த்த புழுக்கள் தட்டுக்குத் தட்டு தின்று தீர்த்தன. வெட்கத்தோடு போய் அறிக்கையைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் மண்வெட்டியை என் கையில் தந்தார்.

"கதைச்சது போதும். அடுத்த குழிய வெட்டுங்க."

இப்போது மேலிடத்துக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தோட்டம் அரசாங்கக் காணி. பெர்மிட் காக்காவின் பெயரில். அதை மாற்ற மனைவி இந்த மாதத்துக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டுமாம். இல்லாவிட்டால் செடிகளைப் பிடுங்க வேண்டுமாம். பிடுங்குகிற பொறுப்பும் எனக்காம்! ஆசியா உம்மாவோ புருஷன் மௌத்தான பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுப் படி இறங்க மாட்டார். இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், கடிதம் எழுதியவருக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஆசியா உம்மா மகளிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "புழுவுக்கு இத்தா இல்ல. இலை ஆயிறத நிப்பாட்டிராதீங்க."

நிற்பாட்டவில்லை. காலையில் நானும் அயலவர் இருவரும் ஆய்ந்து கொடுக்கிறோம். கந்தோருக்கும் பதில் போட்டுவிட்டேன்: கையெழுத்து வேண்டுமானால் கடதாசி அவர் வீட்டுக்குப் போகும், ஒரு செடியிலும் நான் கை வைக்க மாட்டேன். உத்தியோகம் போனால் போகட்டும்.

காக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை அந்த மண்வெட்டியும் அந்தச் சொல் கேளாமையும்தான். வருகிற ஹஜ்ஜுப் பெருநாளன்று வண்டியோடு உங்கள் வாசலுக்கு நான் வருவேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். சாணத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.