என் இடது பாதத்தில் கர்த்தர் திரும்பத் தந்த துடிப்பு

அன்பான விசுவாசிகளே, நான் இன்று இரண்டு காலில் நிற்கிறேன். இடது காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்ன நாளும் ஒன்று இருந்தது. அதை மறைத்தால் நான் நன்றி கெட்டவன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. யாரும் தூக்கிவிடவில்லை. இன்றைக்குச் சொந்தமாக இரண்டு லொறி ஓடுகிறது. வெலிமடை மரக்கறியை என்னைப் போல் தரம் பார்த்து வாங்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சந்தையில் கேட்டுப் பாருங்கள்.

போன வருடம் ஐப்பசி மழை. வீட்டு வாசலில் நின்ற லொறியில், லீக்ஸ் மரக்கறி மூட்டைகளின் மேல் ஏறி, மழைக்கு மூடும் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சறுக்கியது. இடது கால் லொறியின் பக்கப் பலகைக்கும் மூட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் கீழே போனது. முழங்கால் இருந்த இடத்தில் இல்லை. கீழ்க்கால் முன்னுக்குத் தள்ளி நின்றது. எத்தனையோ மூட்டை தூக்கிய நான் குழந்தை மாதிரிக் கத்தினேன்.

பக்கத்து வீட்டுச் செல்வராஜின் ஆட்டோவில் ஏற்றினார்கள். என் மனைவி மேரி என் கால்களை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆண்டவரே, இந்த முழங்காலை உள்ளே தள்ளும், இப்போதே தள்ளும்" என்று சத்தமாக ஜெபித்தேன். பதுளை ரோட்டில் ஆட்டோ ஒரு குழியில் விழுந்தது. 'டக்' என்றது. முழங்கால் தானாக இடத்துக்குப் போய்விட்டது. வலியும் பாதியாகக் குறைந்தது.

"அல்லேலூயா! வண்டியத் திருப்பு செல்வராஜ். ஆஸ்பத்திரி வேலைய ஆண்டவரே முடிச்சிட்டாரு."

"அந்தக் குழிக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க மாமா" என்று சிரித்தபடி அவன் வேகத்தைக் குறைத்தான்.

மேரி சிரிக்கவில்லை. "திருப்பாத. இவரு பாதம் சில்லுன்னு இருக்கு."

"மழையில நனைஞ்ச காலு பின்ன சுடவா செய்யும்?"

"ரெண்டு காலுந்தானே நனைஞ்சிச்சு? வலது காலு கதகதன்னு இருக்கே. நீங்க முழங்காலுக்கு ஜெபம் பண்ணிட்டீங்க. நான் பாதத்துக்குப் பண்றேன். வாய மூடிக்கிட்டு வாங்க."

சந்தையில் என்னிடம் இப்படிப் பேச ஒருவனும் பிறக்கவில்லை. ஆனாலும் வண்டி திரும்பவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் சின்ன வயது டொக்டர் அம்மா ஒருவர் இருந்தார். சிங்களவர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். நடந்ததை மேரி சொன்னாள். "எல்லாஞ் சரியாப் போச்சுங்க, ஒரு மாத்திரை தாங்க, போறேன்" என்றேன் நான். அவர் முழங்காலைத் தொடுவதற்கு முன்னால் பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்தார். பிறகு கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். அப்புறம் ஒரு சின்னக் கருவியை எடுத்து வந்து வலது பாதத்தில் வைத்தார். 'ஷ்ஷூ, ஷ்ஷூ' என்று இரத்தம் ஓடுகிற சத்தம். இடது பாதத்தில் வைத்தார். ஒன்றும் இல்லை.

"ஐயா, வீட்டுக்குப் போக ஏலாது. மூட்டு விலகின நேரம் பின்னால இருக்கிற இரத்தக்குழாய் அடிபட்டிருக்கு. மூட்டு உள்ளுக்குப் போனாலும் பாதத்துக்கு இரத்தம் போகல்ல. சுணங்கினா கால எடுக்க வேண்டி வரும்."

எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். மருந்தேற்றி ஸ்கேன் எடுத்தார்கள். அவர் சொன்னதே சரி. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்டவருக்கு வேலை சொல்லிக்கொடுக்காமல், "உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

வலது காலிலிருந்து ஒரு இரத்தக்குழாயை எடுத்து இடது காலில் வைத்துத் தைத்தார்களாம். என் உடம்பில் எல்லாமே நல்ல சாமான்! கண் விழித்தபோது மேரி என் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் அம்மா வந்து கருவியை வைத்தார். ஷ்ஷூ, ஷ்ஷூ.

"கேட்டிச்சா?" என்றாள் மேரி. அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

இப்போது சபைக்கு ஏறுகிற படிகளை நானே ஏறுகிறேன். என்னைவிட இளையவர்கள்தான் மூச்சு வாங்குகிறார்கள்.

ஆண்டவர் முதல் ஜெபத்தைக் கேட்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டார். ஆனால் நான் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கேட்டேன். தெரியாததை மேரியின் கையிலும் அந்த டொக்டர் அம்மாவின் விரலிலும் வைத்து அவர் காட்டினார். ஆகவே இப்போதெல்லாம் இன்னதென்று உத்தரவு போடாமல், முழுசாக ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிறேன். நீங்களும் அப்படி ஒப்புக்கொடுத்துப் பாருங்கள்.

யாருக்காவது மூட்டு விலகினால், தானாகச் சரியாகிவிட்டாலும் பாதி வழியில் திரும்பாதீர்கள். ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்த்தர் அங்கேயும் இருக்கிறார். நான் பார்த்தேன்.