வேப்பிலை கட்டிய நாய்

எங்கள் வீட்டுப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் முழ நீளக் கயிற்றுத் துண்டு ஒன்று தொங்குகிறது. தென்னந்தும்பில் திரித்த கயிறு. ஒரு முனையில் இறுகிப்போன முடிச்சு. முடிச்சுக்குள் காய்ந்த ஈர்க்கு ஒன்று சிக்கியிருக்கிறது. மறுமுனை பல்பட்டு நார் நாராகப் பிரிந்து கிடக்கிறது. கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்தபோது என் மருமகள் இதைக் குப்பையோடு சேர்த்து வாரப் பார்த்தாள். "அத்தே, இது என்னத்துக்கு? ஒரு ஆட்டுக்குட்டியக்கூட இதுல கெட்ட முடியாதே" என்றாள். வெள்ளையடித்து முடிந்ததும் அதே ஆணியில் மாட்டச் சொன்னேன். காரணம் கேட்டாள். சொன்னால் நீளும் என்று அன்றைக்குத் தட்டிவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

மகாராஜா காலம். நான் மிஷன் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த புதிது. தோவாளைக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. கிறிஸ்தவர்களும் இந்துக்களும் கலந்து குடியிருந்தோம். அண்ணன் பேச்சிப்பாறைக்கு மேலே மலைத்தோட்டம் ஒன்றில் குமாஸ்தா. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைக்கு இறங்கி வருவார். வீட்டில் நானும் மைனியும்தான். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் மைனி என்றுதான் கூப்பிடுவோம். மைனிக்குச் சின்ன வயதிலேயே வைசூரி அம்மை வந்து போயிருந்தது. முகம் முழுக்கத் தழும்பு. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலைப்பட நேரம் ஏது, அவளுக்கு என்னை அதட்டவும் மீன்காரியோடு வழக்காடவுமே பொழுது சரியாக இருந்தது.

மூன்றாவதாக ஒரு ஆளும் உண்டு. சீசர். அண்ணன் ஒருமுறை மலையிலிருந்து இறங்கியபோது துண்டில் சுற்றிக் கொண்டுவந்த செவலை நாய்க்குட்டி. எனக்கு அவன்மேல் உயிர். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும் நேரம் தெருமுனையில் நிற்பான். மைனிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தொட மாட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "ஒனக்க மாப்பிள்ளை வந்து நிக்கான், கஞ்சி ஊத்து" என்பாள். அவன் நடையில் படுத்திருந்தால் விளக்குமாற்றைத் தரையில் தட்டி எழுப்புவாள். ஏன் இவ்வளவு வெறுப்பு என்று நானும் கேட்டதில்லை. சிலருக்கு நாய் பிடிக்காது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் வைசூரி வந்தது. வடக்கே இரண்டு ஊர்களில் என்றார்கள், பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மூடுவதற்கு முன்பே அது என்னைப் பிடித்திருக்க வேண்டும். காய்ச்சலோடு படுத்தேன். சீசர் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். முகத்தில் முதல் முத்து தெரிந்த காலையில் மைனி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். குனிந்து, அதுவரை விரலால்கூடத் தொடாத அந்த நாயின் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"பிள்ளே, இனி இவன் ஒனக்க கிட்ட வரப்பிடாது. ஒனக்க மேலுள்ளது இவனுக்க ரோமத்துல ஒட்டிச்சுன்னா வீடு வீடா கொண்டு குடுப்பான். இவனுக்கு என்ன தெரியும்" என்றாள்.

கிணற்றடியில் வேப்பிலையும் மஞ்சளும் கொதிக்கவைத்த தண்ணீரை ஆறவைத்து அவனைக் குளிப்பாட்டினாள். அவன் ஊளையிட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு பின்முற்றத்துப் பலாமரத்தில் அவனைக் கட்டினாள். அந்தக் கயிற்றை அவள் அளந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் நீளமாக விட்டாள். அவன் பாய்ந்து வந்து என் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்தான். அவிழ்த்துக் கொஞ்சம் சுருக்கினாள். திரும்பவும் பார்த்து, இன்னும் கொஞ்சம். கடைசியில் அவன் கயிறு நிமிர நின்றால் ஜன்னலுக்கு ஒரு கை தூரம் எட்டாத இடத்தில் நிற்கும்படி ஆயிற்று. "நீ அவனைப் பாக்கலாம், அவன் ஒன்னைப் பாக்கலாம். அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது, கேட்டியா" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சட்டம் நடந்தது. எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்தபின் மைனி நேரே கிணற்றுக்குப் போய்க் குளித்து, வேறு சேலை மாற்றி, அதன் பிறகுதான் சீசரிடம் போவாள். அவனுடைய மண்சட்டி தனி, தண்ணீர் தனி. என் துணிகளை வீட்டின் மறுபக்கத்தில் வைத்து அவிப்பாள், அவன் மூக்கு எட்டாத பக்கம். நான் மிச்சம் வைத்த கஞ்சியை அவனுக்கு ஊற்றச் சொன்னபோது எரிந்து விழுந்தாள். குழி தோண்டிப் புதைத்தாள். தூக்கம் வராத வேளைகளில் நான் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவேன். கயிறு நிமிர அவன் நின்றுகொண்டிருப்பான். உடம்பெல்லாம் நெருப்பாக எரிந்த அந்த நாட்களில் எனக்கு வேறு ஆறுதல் இருந்ததாக நினைவில்லை.

சிக்கல் வாசலில்தான் வந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது ஊர் வழக்கம். இலையைக் கண்டால் யாரும் படியேற மாட்டார்கள். எங்கள் சபையிலோ அது அஞ்ஞானப் பழக்கம். செருகினால் திருவிருந்தில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே எங்கள் வாசல் வெறும் வாசலாக இருந்தது. மீன்காரி வழக்கம்போலக் கூடையோடு நடைவரை வந்துவிட்டாள். மைனி உள்ளேயிருந்து கத்திய கத்தலில் கூடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். அதைவிடப் பயம் பக்கத்து வீட்டுக் குழந்தையை நினைத்துத்தான். பூ வியாபாரம் செய்கிற அண்ணாச்சியின் இளைய மகள், ஐந்து வயதுக்குள்தான் இருக்கும். சீசரின் காதைப் பிடித்து இழுத்து வளர்ந்தவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "சீசரு, சீசரு" என்று நாள் முழுக்கக் கூப்பிடுவாள்.

ஒரு மத்தியானம் அண்ணாச்சி வேலியருகே வந்து நின்றார். நல்ல மனிதர். எங்களுக்குச் சோறு பொங்கி வேலிக்கல்லில் வைத்துப் போனது அவர் வீட்டுக்காரிதான். குரல் தாழ்த்தித்தான் பேசினார்.

"தங்கச்சி, கொறையா நெனைக்காத. மூத்தவளை இந்த நோவுக்குக் குடுத்தவன் நான். அந்த நாய் வேலிக்கு இந்தால வந்துன்னா நான் அடிச்சுப் போடுவேன்."

"வந்தா அடியுங்க அண்ணாச்சி. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள் மைனி.

படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு வலியைவிட அது வலித்தது. அவள் அப்படி விட்டுக்கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அழுதால் முத்துகள் எரியும், இருந்தாலும் அழுதேன். மைனி என்னைத் தேற்றவில்லை. வெளியே போய்க் கொத்தாக வேப்பிலை ஒடித்துவந்து, ஈர்க்கோடு சேர்த்துச் சீசரின் கழுத்துக் கயிற்றில் சுற்றிலும் செருகிக் கட்டினாள். அவன் தலையை உதறிப் பார்த்தான். பிறகு மாலை போட்ட மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் எங்கள் சபை உபதேசியார் எனக்காக ஜெபிக்க வந்தார். வீட்டுக்குள் வராமல் பின்பக்க வேலிக்கு வெளியே குடையோடு நின்றார். கண்ணை மூடுமுன் நாய் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னம்மா இது?"

"வேப்பிலை, அய்யா."

"சபைக் கட்டுப்பாடு தெரியுமில்லா?"

"வாசல்ல கெட்டப்பிடாதுன்னுதான் சபை சொல்லிச்சு. வாசல்ல கெட்டல்லியே. தெருவுல உள்ளவங்களுக்கு இங்க நோவு கெடக்குன்னு தெரியாண்டாமா?"

"அதுக்கு நம்ம வீட்டு நாய்க்க கழுத்துலயா?"

"அவன் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல்லியே, அய்யா."

உபதேசியார் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார். குடை கொஞ்ச நேரம் குலுங்கியது. பிறகு ஜெபித்தார். அந்த ஜெபத்தில் நாயின் பெயரும் வந்ததாக மைனி பிற்பாடு சத்தியம் செய்வாள். எனக்குக் கேட்கவில்லை.

சீசர் கயிற்றைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறான், நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு காலையில் குழந்தை வேலிக்கு அந்தப் பக்கம் புட்டும் பழமும் தின்றுகொண்டே கூப்பிட்டாள். கயிறு பட்டென்று அறுந்துபோனது. முழத் துண்டு கழுத்தில் தொங்க, ஒரே தாவில் வேலியைத் தாண்டினான். ஜன்னலிலிருந்து எல்லாம் எனக்குத் தெரிந்தது. மைனியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தொண்டைக்குள்ளும் முத்து, சத்தம் வரவில்லை. மைனி கிணற்றடியில் இருந்தாள். அண்ணாச்சி பூக்கூடை கட்டுகிற இடத்திலிருந்து எழுந்து, மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்தார்.

சீசர் குழந்தையின் முன்னால் போய் வாலை ஆட்டி நின்றான். வழக்கமாக அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்குக் கையை நீட்டியவள் இலையைப் பார்த்தாள். இரண்டு அடி பின்னால் போனாள். எச்சில் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, முத்தாரம்மன் கோவில் நடையில் அவள் தாய் சொல்லிக்கொடுத்தபடியே, இரண்டு கையையும் கூப்பி நாயைக் கும்பிட்டாள்.

அண்ணாச்சி உலக்கையோடு அப்படியே நின்றார். நாயைப் பார்த்தார், அதன் கழுத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். உலக்கையை மெதுவாகத் தரையில் ஊன்றினார். "தங்கச்சி" என்று சத்தமாகக் கூப்பிட்டார். "வந்து ஒனக்க நாயைப் பிடிச்சிட்டுப் போ. அம்மனுக்க இலை கெடக்கு. நான் கை வைக்க ஏலாது."

மைனி ஈரச் சேலையோடு ஓடிவந்தாள். மீதிக் கயிற்றை இரட்டையாகப் போட்டு அவனைக் கட்டினாள். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடச் சொன்னாள். பிறகு என் ஜன்னலடியில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"அவரு வேப்பிலை கெடக்குத நாயை அடிப்பாரா?" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. "அடியுங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

உபதேசியாரிடம் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் அவளுடைய மனதில் இருந்த காரணம் இதுதான். எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது. அன்றைக்குத்தான் நான் பிழைப்பேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அண்ணாச்சி வீட்டில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. தெருவில் என்னோடு அது நின்றது. அவர் தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நாய்க்கு எலை மாத்தியாச்சா, தங்கச்சி?" என்று விசாரிப்பார். மாற்றியாச்சு என்று கேட்ட பிறகுதான் பூக்கடைக்குக் கிளம்புவார்.

பொருக்கெல்லாம் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் விட்டு, என் பாயையும் துணியையும் கொளுத்தி முடித்த நாளில் மைனி சீசரை அவிழ்த்துவிட்டாள். நான் முற்றத்தில் நின்றேன். கண்ணாடி பார்க்க அவள் அதுவரை விடவில்லை, விரலால் தடவித் தெரிந்துகொண்டிருந்தேன். இந்த முகத்தை அவன் அடையாளம் காண்பானா என்று எனக்குப் பயம். அவன் நேரே வந்து இரண்டு காலையும் என் தோளில் வைத்து முகத்தை நக்கினான், தழும்பு தழும்பாக. மைனி தடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பூனை உண்டும்" என்றாள். "இந்த நோவுல நான் படுத்துக் கெடக்கும்போ சாக்குல கெட்டி ஆத்துல விட்டுட்டாங்க. எழும்பி வந்து தேடுகேன், யாரும் ஒண்ணும் சொல்லல்ல. அதுக்குப் பெறவு நான் ஒண்ணுமேலயும் ஆசை வச்சதில்ல." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுத்ததே இல்லை.

இப்போது வைசூரி என்ற நோயே உலகத்தில் இல்லை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளில் ஒன்றின் முகத்திலும் தழும்பு கிடையாது. என் முகத்தைத் தொட்டுப் பார்த்து இது என்ன என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். சீசர் கிழடாகி எங்கள் வீட்டிலேயே செத்தான். கடைசிவரை மைனி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாய் என்றுதான் சொன்னாள்.

மைனி போன பிறகு அவளுடைய பெட்டியைத் திறந்தோம். வேதப்புத்தகத்துக்கு அடியில், கல்யாணச் சேலையின் மடிப்புக்குள் இந்தக் கயிற்றுத் துண்டு இருந்தது. சீசரின் கழுத்தில் தொங்கியது. அன்றைக்குப் பாயோடு சேர்த்து இதையும் கொளுத்திவிட்டாள் என்றே நான் நினைத்திருந்தேன். நோய்பட்ட வீட்டில் ஒரு துணியைக்கூட மிச்சம் வைக்காதவள், இதை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். முடிச்சில் இருக்கிற ஈர்க்கு அந்த வேப்பிலையுடையது.