மகளின் வளவுக்கு ஏற்றிய சேறு

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் காணி தேடத் தொடங்கிவிடுவான். வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் மாப்பிள்ளை பார்ப்பது. நான் ஒரு சோம்பேறி. மகள் உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். அதற்குள் கல்முனையில் மேட்டுக்காணி ஒரு துண்டுகூட மிச்சமில்லை. கிடைத்தது குளத்தோரத்துப் பள்ளக்காணி. மாரி மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

அந்த வருடம் குளத்தைத் தோண்டினார்கள். பெக்கோ இயந்திரம் அள்ளிக் குவித்த சேறு கரை நெடுகக் கறுகறுவென்று கிடந்தது. கிறவல் மண் போட்டு நிரப்புவதுதான் நல்லது என்று வீடு கட்ட வந்த மேசன் சொன்னார். நான் கேட்கவில்லை. இதைவிடச் சத்தான மண் எங்கே கிடைக்கும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். உழவு இயந்திரப் பெட்டியில் அந்தச் சேற்றை ஏற்றி ஏற்றிக் காணியை நிரப்பினேன். வீடு எழும்பியது. கல்யாணம் முடித்து மகள் அதில் குடியேறினாள். வீட்டைச் சுற்றிய வளவில் கத்தரியும் பசளிக் கீரையும் காடாக வளர்ந்தன. வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்தேன்.

போன மாதம் அஸர் தொழுதுவிட்டுக் குளக்கரையால் சைக்கிளில் வந்தேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் தோணியில் நின்று நீளமான பிளாஸ்டிக் குழாயைச் சேற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து சேற்றுப் பைகளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த பிள்ளையிடம், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஈயம், கட்மியம் மாதிரிப் பார உலோகங்கள் அங்கிள்," என்றாள்.

"இந்தத் தண்ணியிலயா?"

"தண்ணியில கொஞ்சம்தான் இருக்கும். கராஜ், பெற்றறிக் கடை, வயல் எல்லாத்தையும் கழுவி வாறது அடியில சேறோட படியிது. அது உக்கிப் போற சாமானில்ல. புழு திங்கும், புழுவ இறால் திங்கும், இறால மீன் திங்கும். பிறகு நாம."

"அந்தச் சேற வளவுக்குப் போட்டா?"

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "எவ்வளவு இருக்கெண்டு ஆய்வுகூடத்தில பாத்தாத்தான் தெரியும். ஆனா சின்னப் பிள்ளையள் இருந்தாக் கவனம். ஈயம் மூளையத்தான் தாக்கும். கர்ப்பிணியள்ட உடம்புக்குப் போனா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் போகும்."

பேத்திக்கு இரண்டு வயது. மண் தின்கிற பழக்கம். மகள் அதட்டுவாள். நான்தான், "மூத்தவாப்பா ஏத்தின மண்தானே, திங்கட்டும்," என்று சிரிப்பேன். அந்த வார்த்தையை வழி நெடுகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

பேத்தி கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். உதடு கறுப்பாக இருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். அவள் வீரிட்டாள். மகள் ஆறு மாத வயிற்றோடு ஓடிவந்தாள். குளக்கரையில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"மேல கிறவல் போட்டு மூடிருவம் மகள். நாளைக்கே புள்ளைக்கு ரெத்தம் சோதிப்பம்."

"எனக்கும் சோதிக்கணும் வாப்பா."

"உனக்கு என்னத்துக்கு?"

"மழ பேஞ்சா இந்த மண்ணுட வாசத்துக்கு என்னால அடக்க ஏலா. இவ வயித்துல இருக்கக்குள்ளயும் திண்டன். என்னப் பாத்துத்தான் இவளும் பழகின."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். ஒரு ஜாம் போத்தலோடு திரும்பி வந்து அதை என் கையில் தந்தாள். காயவைத்து எடுத்த சேற்றுக் கட்டிகள் அதில் அரைவாசிக்கு இருந்தன.

"முந்தாநாள்தான் நிரப்பினன்," என்றாள்.