போகையில் ஒரு பக்கம், வருகையில் ஒரு பக்கம்

நிரையின் கடைசி ரப்பர் மரத்தில் பால் வெட்டியதும் இருளப்பன் அடுத்த நிரைக்குப் போவதில்லை. குதிகாலை ஊன்றி முழுசாகத் திரும்பி, வந்த பாதையிலேயே மறுபடி வெட்டிக்கொண்டு வருகிறார். போகையில் வலப்பக்கத்து மரங்கள். போகும்போது இடப்பக்கம் நின்ற மரங்கள், வரும்போது அவருக்கு வலப்பக்கம் வந்துவிடுகின்றன. மெர்போக் ஊரில் மற்ற பால்வெட்டுக்காரர்கள் ஒரே நடையில் வேலையை முடித்துக் கோப்பிக் கடையில் கால் நீட்டியிருக்கும்போது, இவர் இன்னும் தோட்டத்தில்தான் இருப்பார். "டாக்டர்தான்லா நல்லா நடக்கச் சொன்னாரு? நடக்குறேன்" என்று யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவார்.

ஐம்பத்தெட்டு வயது. போன தீபாவளிக்கு முந்திய வாரம் குளியலறையில் விழுந்தார். ஸ்ட்ரோக். இடது கையும் காலும் கட்டையாகக் கிடந்தன. மனிதர் சும்மா இருப்பவரா? மூன்றாம் மாதம் எழுந்து நடந்தார். ஐந்தாம் மாதம் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்துவிட்டார். வலப்பக்க வரிசைக்கு இலை நிறைய ஊற்றினார். இடப்பக்க வரிசைக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த குணாளனுக்கும் இவருக்கும் பழைய மனத்தாங்கல் உண்டு என்பதால், வேண்டுமென்றே செய்தார் என்று கோயில் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மனைவி தேவகியும் அப்படித்தான் நினைத்தாள். தட்டில் இடப்பக்கத்துச் சோறு தினமும் மிஞ்சும். சவரம் செய்தால் பாதி முகத்தில் தாடி நிற்கும். "அரை வேல பாக்க எங்கங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஏசுவாள். கண் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே!

ஒன்பதாம் மாதம் இருளப்பன் தோட்ட முதலாளி முருகையாவிடம் போய் நின்றார். இருளப்பன் முன்பு வெட்டிய ஆறு நிரையில் இரண்டை மட்டும் அவர் கொடுத்தார். "ஒரு மாசம் பாக்குறேன் இருளப்பா. சரிப்படலன்னா வேற ஆள வெச்சிருவேன். கோவிச்சுக்காத." முப்பது வருடம் வெட்டிய கைக்கு ஒரு மாதத் தவணை.

முதல் நாள் தேவகியும் வாளியோடு பின்னால் போனாள். வலது கை பழைய கைதான். பட்டையில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து, கத்தியை இழுத்ததும் பால் கோடாக இறங்கி பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் இடப்பக்கம் பார்த்தாள். ஒரு மரத்திலும் கத்தி படவில்லை. பத்து, இருபது, நாற்பது மரம். எல்லா மங்கும் காய்ந்து கிடந்தன. மனிதர் அவற்றை உரசிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிரை முடிந்து திரும்பியதும் இருளப்பன் போட்ட கூச்சல் தோட்டத்துக்கே கேட்டது.

"அலமாக்! எவன்டா என் மரத்த வெட்டாம வுட்டவன்?"

"நீங்கதாங்க" என்றாள் தேவகி.

"நானா? இப்பத்தான புள்ள எல்லாத்தையும் வெட்டிட்டு வரேன்! போறப்ப இங்க மரமே இல்லியே!"

பக்கத்து மரத்தைத் தொட்டுப் பார்த்தார். கீழே உட்கார்ந்தார். "அன்னிக்கு சாம்பாரும் இப்பிடித்தானா?" என்று கேட்டார். தேவகிக்கு அப்போதுதான் விளங்கியது. பாதி உலகம் காணாமல் போயிருக்கிறது, போனதே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமாக அதற்காக அவரை ஏசியிருக்கிறாள்.

கண்ணில் பழுதில்லை, மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிக்க மறந்துவிட்டது என்று மருத்துவர் பிற்பாடு விளக்கினார். அதற்குள் இருளப்பன் தாமே வழி கண்டுபிடித்திருந்தார். எதையும் இரண்டு தடவை. தட்டைத் திருப்பிவைத்துச் சாப்பிடுகிறார். கேரம் ஆடினால் பலகையைச் சுற்றி வந்து காயைத் தேடுகிறார். "சாமிய சுத்துற மாதிரி சுத்துறீங்களேண்ணே!" என்று சிரிக்கிற குணாளன்தான் இப்போது அவருடைய ஜோடி.

போன சனிக்கிழமை அந்த ஒரு மாதம் முடிந்தது. முருகையா தோட்டத்துக்கு வந்தார். வந்தவர், இருளப்பனுக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். இருளப்பன் அவரைக் கடந்து அடுத்த மரத்துக்குப் போனார். முருகையாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. தூக்கிய கையை இறக்க மறந்து பின்னால் வாளியோடு வந்த தேவகியைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முருகையா அதே இடத்தில் காத்திருந்தார்.

கோடிவரை போய், திரும்பி, மரம் மரமாக வெட்டிக்கொண்டு வந்த இருளப்பன் திடுக்கிட்டார்.

"எப்பண்ணே வந்தீங்க?"

"இப்பத்தான்."

முருகையா பாதையின் இரு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். எல்லா மரத்திலும் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் மங்குகளைக் கவிழ்த்துப் போட்டிருந்த இருளப்பனின் பழைய மூன்றாம் நிரைக்குள் நுழைந்தார். முதல் மரத்தின் மங்கை எடுத்து, உள்ளேயிருந்த எறும்பைத் தட்டிவிட்டு, சட்டை நுனியால் துடைத்து, நிமிர்த்தி வைத்தார்.